விமானத் தொலைவு காட்டும் தளங்கள்: ஆர்க்டிக் வடக்கில் அவற்றை எவ்வளவு நம்பலாம்?

இரண்டு விமான நிலையங்களின் பெயரைக் கொடுத்தால் போதும், அவற்றுக்கு இடையே எத்தனை கிலோமீட்டர், பறக்க எவ்வளவு நேரம் என்று மறுநொடியே சொல்லிவிடும் இலவச இணையதளங்கள் இன்று ஏராளமாக இருக்கின்றன. பெருநகரங்களுக்கு இடையிலான பயணத்துக்கு அவை தரும் விடை ஏறக்குறைய சரியாகவே அமைந்துவிடுவதால், அந்த விடை எப்படி வந்தது என்று யாரும் ஆராய்வதில்லை. ஆனால் கனடாவின் நூனவுட், நார்வேயின் ஸ்வால்பார்ட், அலாஸ்காவின் வடகரை ஆகிய பகுதிகளில் உள்ள விமான நிலையங்களை உள்ளிட்டுப் பார்க்கும்போதுதான், இந்தத் தளங்கள் எதை உண்மையாகக் கணக்கிடுகின்றன, எதை வெறுமனே ஊகித்துக்கொள்கின்றன என்பது வெளிப்படுகிறது. வடக்கே பயணத் திட்டம் வகுப்பவருக்கு இந்த வேறுபாடு வழியில் ஓர் இரவு தங்க வேண்டுமா, சில நாள்கள் காத்திருக்க வேண்டுமா என்பதையே தீர்மானிக்கக்கூடும். ஆகவே இவற்றைச் சற்று விரிவாகவே மதிப்பிடுகிறேன்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தொலைவைப் பொறுத்தவரை இந்தத் தளங்கள் மிகவும் நம்பகமானவை. பறக்கும் நேரம் என்று அவை காட்டும் எண்ணோ, பெரிய ஜெட் விமானங்கள் நேரடியாகச் செல்லும் சில தடங்களைத் தவிர வடக்கில் வேறெங்கும் பயன்படாது. இந்த இரண்டு எண்களையும் ஒரே அளவு எழுத்தில், ஒரே உறுதியுடன், அருகருகே அச்சிட்டுக் காட்டுவதுதான் பெரும்பாலான தளங்களின் அடிப்படைக் குறை.

தளங்களில் இரண்டு வகை உண்டு. முதல் வகைக்கு நல்ல எடுத்துக்காட்டு, விமானப் போக்குவரத்தில் ஆர்வமுள்ளவர்கள் நெடுங்காலமாகப் பயன்படுத்திவரும் கிரேட் சர்க்கிள் மேப்பர். அதில் விமான நிலையங்களின் குறியீடுகளை இடையில் சிறுகோடு இட்டு உள்ளிட்டால், புவிப் பரப்பின்மீது அவற்றை இணைக்கும் மிகக் குறுகிய பாதையை வரைந்து, தொலைவையும் புறப்படும் திசையையும் காட்டுகிறது. அதற்கு மேல் எதையும் தானாக முன்வந்து சொல்வதில்லை. இரண்டாம் வகை, உலகில் உள்ள ஒவ்வொரு இணை விமான நிலையத்துக்கும் ஒரு பக்கம் என்று இயந்திரமே எழுதிக் குவித்த தளங்கள். தேடுபொறியில் முதலில் வந்து நிற்பவை பெரும்பாலும் இவைதான். தொலைவு, நேரம், நேர மண்டல வேறுபாடு, கரியமில வாயு அளவு, சில வேளைகளில் சாலைவழித் தொலைவு என்று எல்லாவற்றையும் இவை தருகின்றன. கேள்வி பொருத்தமானதா என்பதைப் பார்ப்பதேயில்லை.

முதலில் தொலைவை எடுத்துக்கொள்வோம். நார்வேயின் ட்ரோம்சோ 70 பாகை வட அட்சரேகைக்குச் சற்றுக் கீழே இருக்கிறது. ஸ்வால்பார்ட் தீவுக்கூட்டத்தின் லாங்இயர்பியன் 78 பாகையைத் தாண்டி இருக்கிறது. பொதுமக்களுக்கான முறையான விமான சேவை நடைபெறும் நிலையங்களில் உலகிலேயே வடகோடியில் இருப்பது லாங்இயர்பியன்தான். இந்த இரண்டுக்கும் இடையிலான தொலைவை ஒரு தளம் 958 கிலோமீட்டர் என்றும் இன்னொன்று 961 கிலோமீட்டர் என்றும் காட்டினால், இரண்டில் ஒன்று தவறு என்று முடிவு கட்டிவிட வேண்டாம். பூமியை 6,371 கிலோமீட்டர் ஆரம் கொண்ட முழுமையான உருண்டையாக எடுத்துக்கொண்டு ஹாவர்சைன் சூத்திரத்தில் கணக்கிட்டால் சிறிய எண் வரும். பூமி துருவங்களில் சற்றுத் தட்டையானது என்பதைச் சேர்த்துக் கணக்கிட்டால் பெரிய எண் வரும். நிலநடுக்கோட்டில் ஆரம் 6,378 கிலோமீட்டர், துருவத்தில் 6,357 கிலோமீட்டர். இந்தத் தட்டைத்தன்மை காரணமாக ஒரு பாகை அட்சரேகையின் நீளம் நிலநடுக்கோட்டருகே 110.6 கிலோமீட்டராகவும் துருவத்தருகே 111.7 கிலோமீட்டராகவும் இருக்கிறது. ஆகவே வடக்கு தெற்காகச் செல்லும் ஆர்க்டிக் தடங்களில், எளிய சூத்திரத்தை நம்பியிருக்கும் தளங்கள் எப்போதும் இம்மியளவு குறைத்தே சொல்லும். ஆயிரம் கிலோமீட்டருக்கு மூன்று நான்கு கிலோமீட்டர் பிசகு பயணிக்குப் பொருட்டல்ல. தளங்கள் ஏன் ஒன்றுக்கொன்று முரண்படுகின்றன என்று குழம்புகிறவர்களுக்காகவே இதைச் சொல்கிறேன்.

வரைபடத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் வடக்கில் கண்ணே நம்மை ஏமாற்றும். இயந்திரம் எழுதும் தளங்கள் பெரும்பாலும் மெர்கேட்டர் முறையில் அமைந்த தட்டை வரைபடத்தின்மீது கோட்டைப் போடுகின்றன. அந்த முறையில் 60 பாகை அட்சரேகையில் நிலப்பரப்பு நீளவாக்கில் இரு மடங்காகவும், லாங்இயர்பியன் இருக்கும் 78 பாகையில் ஏறத்தாழ ஐந்து மடங்காகவும் விரிந்து தெரியும். அலாஸ்காவின் வடமுனையில் உள்ள உட்கியாக்விக்கையும் லாங்இயர்பியனையும் அந்தப் படத்தில் தேடினால், ஒன்று இடது ஓரத்திலும் மற்றொன்று நடுவிலும் கிடக்கும். தட்டைப் படத்தில் நேர்கோடாகத் தெரியும் பாதையில் சென்றால் சுமார் 5,000 கிலோமீட்டர் ஆகும். உருண்டையின்மீது உள்ள உண்மையான குறுக்குப் பாதை சுமார் 3,380 கிலோமீட்டர்தான். அந்தப் பாதை உட்கியாக்விக்கிலிருந்து ஏறக்குறைய நேர் வடக்காகக் கிளம்பி, வடதுருவத்துக்கு நூறு கிலோமீட்டர் சொச்சம் அருகில் கடந்து, மறுபக்கம் தெற்கு நோக்கி இறங்குகிறது. கிரேட் சர்க்கிள் மேப்பர் இத்தகைய தடங்களை உருண்டையை மேலிருந்து பார்ப்பதுபோல் வரைந்து காட்டுவதால், உண்மை நிலவரம் ஒரே பார்வையில் விளங்கிவிடுகிறது. வடக்குப் பகுதிக்காக ஒரே ஒரு தளத்தைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால், இந்த ஒரு காரணத்துக்காகவே அதைத் தேர்ந்தெடுப்பேன்.

இனி நேரம். பெரும்பாலான தளங்கள் எந்த விமானம், எந்த வழி, எந்தக் காற்று என்று எதையும் பார்ப்பதில்லை. மணிக்கு 500 மைல், அதாவது சுமார் 805 கிலோமீட்டர் வேகம் என்று வைத்துக்கொண்டு தொலைவை வகுத்து, ஏறவும் இறங்கவும் அரை மணி நேரத்தைக் கூட்டிவிடுகின்றன. இந்தச் சூத்திரத்தை ட்ரோம்சோவுக்கும் லாங்இயர்பியனுக்கும் பொருத்தினால் 1 மணி 41 நிமிடம் வருகிறது. விமான நிறுவனங்களின் அட்டவணையில் இருப்பதும் கிட்டத்தட்ட அதே நேரம்தான். காரணம், லாங்இயர்பியனில் உறைநிலத்தின்மீது அமைக்கப்பட்டு 1975இல் திறக்கப்பட்ட ஓடுபாதை ஏறக்குறைய இரண்டரை கிலோமீட்டர் நீளமுள்ளது. அங்கே வழக்கமான ஜெட் விமானங்கள் வந்து இறங்குகின்றன. வழியில் எங்கும் நிற்பதும் இல்லை. அதாவது சூத்திரம் எந்த நிலைமைகளை எதிர்பார்க்கிறதோ அவை எல்லாம் இந்தத் தடத்தில் தற்செயலாகப் பொருந்திவிட்டன. இங்கே தளத்துக்கு முழு மதிப்பெண் கொடுக்கலாம். எல்லைச் சோதனையின்றிச் சென்றுவர ஐரோப்பிய நாடுகள் சேர்ந்து அமைத்த ஷெங்கன் பகுதிக்கு ஸ்வால்பார்ட் வெளியே இருப்பதால் நார்வேயின் மற்ற ஊர்களிலிருந்து செல்வோருக்கும் கடவுச்சீட்டுச் சோதனை உண்டு என்பதையும், அதற்கான நேரத்தைத் தனியே ஒதுக்க வேண்டும் என்பதையும் மட்டும் நினைவில் வைத்துக்கொண்டால் போதும்.

அதே சூத்திரத்தைக் கனடாவுக்குக் கொண்டுபோனால் நிலைமை தலைகீழாகிறது. வடமேற்கு ஆட்புலத்தின் தலைநகரான யெல்லோநைஃபுக்கும் நூனவுட்டின் தலைநகரான இக்காலுயிட்டுக்கும் இடையே நேர்தொலைவு சுமார் 2,260 கிலோமீட்டர். தளங்கள் இதற்கு ஏறத்தாழ 3 மணி 20 நிமிடம் என்று விடை தருகின்றன. இரண்டும் தலைநகரங்கள், இரண்டிலும் நீளமான ஓடுபாதை இருக்கிறது என்பதால் இந்த எண்ணைப் பார்ப்பவருக்குச் சந்தேகமே எழாது. இக்காலுயிட்டின் ஓடுபாதை இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அமெரிக்கப் படைகள் அமைத்ததிலிருந்து வளர்ந்தது. 2006ஆம் ஆண்டு ஏர்பஸ் நிறுவனம் தன் ஏ380 விமானத்தைக் கடுங்குளிரில் சோதிக்க அங்கேதான் கொண்டுவந்து இறக்கியது. ஓடுபாதை பெரிதாக இருப்பதால் மட்டும் பெரிய விமானம் வந்துவிடுவதில்லை. இந்தத் தடத்தில் பயணிகள் மிகக் குறைவு. ஆகவே ஹட்சன் விரிகுடாக் கரையில் உள்ள ரேங்கின் இன்லெட்டில் இறங்கி, ஆளையும் சரக்கையும் ஏற்றி இறக்கிக்கொண்டு செல்லும் டர்போபிராப் (ஜெட்டைவிட மெதுவாக, விசிறிகள் சுழன்று பறக்கும் விமானம்) சேவைதான் இங்கே வழக்கமாக இருந்துவருகிறது.

அந்த வழியைக் கணக்கிட்டுப் பார்ப்போம். யெல்லோநைஃபிலிருந்து ரேங்கின் இன்லெட் சுமார் 1,140 கிலோமீட்டர், அங்கிருந்து இக்காலுயிட் சுமார் 1,180 கிலோமீட்டர், ஆக மொத்தம் 2,320 கிலோமீட்டர். ரேங்கின் இன்லெட் கிட்டத்தட்ட நேர்வழியிலேயே இருப்பதால், இறங்கிச் செல்வதில் தொலைவு அறுபது கிலோமீட்டர்தான் கூடுகிறது. நேரம் அப்படியல்ல. ஏடிஆர் 42 வகை விமானம் மணிக்கு 500 கிலோமீட்டர் அளவில் பறக்கும். காற்றிலேயே நான்கரை மணி நேரத்துக்கு மேல் ஆகிவிடும். இரண்டு முறை ஏறி இறங்குவதையும் நடுவில் தரையில் நிற்கும் நேரத்தையும் சேர்த்தால் ஐந்தரை மணி நேரம் என்பதே நியாயமான மதிப்பீடு. இதற்கு மேல் கடிகாரக் கணக்கு ஒன்று இருக்கிறது. யெல்லோநைஃப் மலைப்பகுதி நேரத்தில் இயங்குகிறது, ரேங்கின் இன்லெட் மத்திய நேரத்தில், இக்காலுயிட் கிழக்கு நேரத்தில். காலை 9 மணிக்குப் புறப்பட்டவர் பிற்பகல் 12.20க்கு இறங்கிவிடுவோம் என்று எண்ணியிருக்க, இக்காலுயிட் கடிகாரத்தில் மாலை 4.30 ஆகியிருக்கும். அங்கிருந்து வேறொரு சிற்றூருக்கு இணைப்பு விமானம் பிடிக்க வேண்டியவருக்கு அன்றைய பயணம் அத்துடன் முடிந்தது.

இந்தத் தடத்தில் காற்றின் பங்கையும் மறக்கக்கூடாது. மேல்வளியில் காற்று பொதுவாக மேற்கிலிருந்து கிழக்கு நோக்கி வீசுவதால், இக்காலுயிட்டுக்குச் செல்வதைவிட அங்கிருந்து திரும்புவதற்கு அதிக நேரம் ஆகும். விமானத்தின் வேகம் எவ்வளவு குறைவோ, எதிர்க்காற்றின் பாதிப்பு அவ்வளவு அதிகம். மணிக்கு 60 கிலோமீட்டர் எதிர்க்காற்று 800 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் ஜெட்டுக்குச் சிறு இடையூறு. 500 கிலோமீட்டரில் செல்லும் டர்போபிராப்புக்கு அது எட்டில் ஒரு பங்கு வேகத்தைப் பறித்துவிடும். போகும் நேரமும் வரும் நேரமும் ஒன்றே என்று காட்டும் தளம் எதுவாக இருந்தாலும், அது காற்றைக் கணக்கில் எடுக்கவில்லை என்று உடனே தெரிந்துகொள்ளலாம்.

இந்தக் குறை மிகத் துலக்கமாகத் தெரியும் இடம் ரெசலூட், கிரைஸ் ஃபியோர்ட் என்ற இரு நிலையங்கள். ரெசலூட் கார்ன்வாலிஸ் தீவில் இருக்கிறது. கிரைஸ் ஃபியோர்ட் எல்ஸ்மியர் தீவின் தென்கரையில், 76 பாகைக்கும் மேலே, கனடாவில் மக்கள் குடும்பமாக வாழும் ஊர்களில் மிக வடக்கே இருக்கிறது. இடையே சுமார் 385 கிலோமீட்டர். வழக்கமான சூத்திரத்தின்படி ஒரு மணி நேரத்துக்கும் ஒரு நிமிடம் குறைவாக விடை வரும். ஆனால் கிரைஸ் ஃபியோர்ட்டின் ஓடுபாதை சரளைக்கல் பாவியது, அதன் நீளம் 500 மீட்டரைச் சற்றே தாண்டும், பக்கத்திலேயே மலைகள் எழுந்து நிற்கின்றன. எந்த ஜெட்டும் அங்கே இறங்க இயலாது. அங்கே செல்லத் தகுந்தது, குறுகிய ஓடுபாதைகளுக்கென்றே பெயர்பெற்ற ட்வின் ஆட்டர் விமானம். அதிகபட்சம் பத்தொன்பது இருக்கைகள் கொண்ட அந்த விமானத்தில் பாதி இடத்தைச் சரக்கு எடுத்துக்கொள்வது சாதாரணம். அது பறக்கும் வேகம் மணிக்கு 280 கிலோமீட்டர் அளவில்தான். காற்று சாதகமாக இருந்தாலும் ஒன்றரை மணி நேரம் ஆகும். இங்கும் நேர மண்டலம் மாறுகிறது. ரெசலூட் மத்திய நேரத்திலும் கிரைஸ் ஃபியோர்ட் கிழக்கு நேரத்திலும் இயங்குவதால், காலை 10 மணிக்குக் கிளம்பினால் அங்கே 12.30 ஆகியிருக்கும்.

அரை மணி நேரப் பிசகுக்காக இவ்வளவு சொல்ல வேண்டுமா என்று கேட்கலாம். அந்த அரை மணி நேரம் பெரிதல்ல. தளம் காட்டும் ‘ஒரு மணி நேரம்’ என்ற எண், வேண்டும்போது ஏறிச் செல்லக்கூடிய சேவை ஒன்று இருக்கிறது என்ற எண்ணத்தைப் படிப்பவர் மனத்தில் விதைப்பதுதான் பெரிய சிக்கல். உண்மையில் விமானம் வாரத்தில் சில நாள்கள் மட்டுமே போகும். அந்த நாளிலும் மேகம் தாழ்ந்திருந்தாலோ பக்கக்காற்று அதிகமாக இருந்தாலோ போகாது. இறங்க முடியாமல் போனால் அருகில் ஒதுங்க வேறு நிலையம் இல்லாததால், ரெசலூட்டுக்கே திரும்பி வருமளவு எரிபொருளைச் சுமந்துகொண்டுதான் கிளம்ப வேண்டும். சுமக்கும் எரிபொருளின் எடைக்கு ஏற்ப ஆள்களும் மூட்டைகளும் குறையும். ஆகவே இந்தத் தடத்தில் பயண நேரம் என்பது மணிக்கணக்கில் அளக்கக்கூடியதல்ல, நாள்கணக்கில் அளக்க வேண்டியது. வடக்கே வாழும் மக்கள் மருத்துவமனைக்கும் படிப்புக்கும் இந்த விமானங்களையே நம்பியிருக்கிறார்கள். நூனவுட்டின் ஊர்களை ஒன்றோடொன்று இணைக்கும் சாலைகளே கிடையாது. அப்படியிருக்க, நான் பார்த்த ஒரு தளம் இக்காலுயிட்டுக்குச் சாலைவழிப் பயண நேரத்தையும் மணி நிமிடமாகத் துல்லியமாகக் காட்டியது. தகவல் இல்லாத இடத்தில் வெற்றிடமாக விட்டுவைத்தால் படிப்பவர் வேறெங்காவது தேடுவார். இட்டுக்கட்டிய எண்ணைப் போட்டால் தேடுவதையே நிறுத்திவிடுவார். இதை நான் கடுமையான குறையாகவே கருதுகிறேன்.

விமானமே இல்லாத தடங்களுக்கும் இந்தத் தளங்கள் நேரம் சொல்கின்றன. மேலே சொன்ன உட்கியாக்விக், லாங்இயர்பியன் இணைக்குச் சூத்திரம் தரும் விடை 4 மணி 42 நிமிடம். துருவத்தைத் தாண்டி அந்த இரண்டு ஊர்களை இணைக்கும் பயணிகள் விமானம் எதுவும் இல்லை. உட்கியாக்விக்கில் கிளம்புகிறவர் முதலில் தெற்கே ஆங்கரேஜ் செல்ல வேண்டும், அங்கிருந்து சியாட்டில், பிறகு அட்லாண்டிக்கைக் கடந்து பிராங்பர்ட் போன்ற ஓர் ஐரோப்பிய நகரம், அதன்பின் ஓஸ்லோ, கடைசியாக மறுபடி வடக்கே லாங்இயர்பியன். இந்த வழியைக் கூட்டினால் பதினாலாயிரம் கிலோமீட்டரைத் தாண்டுகிறது. நேர்தொலைவைப்போல் நான்கு மடங்குக்கும் மேல். காத்திருப்புகளைச் சேர்த்தால் இரண்டு நாள் பயணம். கிரைஸ் ஃபியோர்ட்டையும் கிரீன்லாந்தின் கானாக்கையும் எடுத்துக்கொண்டால் இந்த முரண் இன்னும் கூர்மையாகிறது. இடையே 360 கிலோமீட்டர்கூட இல்லை, நடுவே இருப்பது கடலும் பனியும்தான், இரு கரையிலும் வாழ்பவர்கள் இனுயிட் மக்கள்தான். ஆனாலும் நடுவில் ஒரு நாட்டு எல்லை ஓடுவதால் முறையான விமான சேவை கிடையாது. நேரடிச் சேவை உண்டா இல்லையா என்ற ஒரு வரியைச் சேர்த்திருந்தால்கூட இந்தப் பக்கங்களின் பயன் பன்மடங்காகியிருக்கும்.

தேடும் பெட்டியைப் பற்றியும் சில வார்த்தைகள். வடக்கில் ஊர்ப் பெயர்கள் மாறியிருக்கின்றன, குறியீடுகள் மாறவில்லை. இக்காலுயிட் 1987 வரை ஃப்ரோபிஷர் பே என்று வழங்கியதால் அதன் குறியீடு இன்றும் ஒய்.எஃப்.பி. உட்கியாக்விக் 2016 வரை பேரோ என்றே அறியப்பட்டதால் அதன் குறியீடு பி.ஆர்.டபிள்யூ. தரவுத்தளத்தைப் புதுப்பிக்காத தளத்தில் புதுப் பெயரைத் தட்டினால் ஒன்றும் வராது. பழைய பெயரைத் தட்டினாலும் ஆபத்து இருக்கிறது, ஏனென்றால் இங்கிலாந்திலும் பேரோ என்ற ஊருக்கு ஒரு விமான நிலையம் உண்டு. அதைத் தேர்ந்தெடுத்துவிட்டால் பல ஆயிரம் கிலோமீட்டர் பிழையான விடை எந்த எச்சரிக்கையும் இல்லாமல் வந்து நிற்கும். எனவே வடக்கு நிலையங்களுக்கு எப்போதும் மூன்றெழுத்துக் குறியீட்டையே பயன்படுத்துங்கள், வந்த விடையில் நாட்டின் பெயரையும் சரிபாருங்கள்.

நேர மண்டலத் தகவலிலும் இதே பழமை இருக்கிறது. கிரீன்லாந்தின் பெரும்பகுதி 2023ஆம் ஆண்டு தன் நேரத்தை ஒரு மணி முன்னே நகர்த்திக்கொண்டது. நூனவுட்டின் கோரல் ஹார்பர் கோடையிலும் கடிகாரத்தை மாற்றுவதேயில்லை. இவற்றைச் சரியாகக் காட்டுகிறதா என்று பார்த்தாலே ஒரு தளம் எவ்வளவு அக்கறையுடன் பராமரிக்கப்படுகிறது என்று தெரிந்துவிடும். திசை விஷயத்திலும் ஒரு நுட்பம் உண்டு. காந்தத் துருவத்துக்கு அருகில் காந்த ஊசி நம்பத்தக்கதாக இல்லாததால், கனடாவின் வடக்கு வான்வெளியில் விமானிகள் காந்த வடக்கை விட்டுவிட்டு உண்மை வடக்கை வைத்தே திசையைக் குறிக்கிறார்கள். திசையை வைத்தே இடப்படும் ஓடுபாதை எண்ணுக்குப் பக்கத்தில், ரெசலூட்டில் உண்மை வடக்கைக் குறிக்கும் எழுத்தும் சேர்ந்தே வரும். எனவே அந்தப் பகுதிக்குக் காந்தத் திசையைக் காட்டும் தளத்தைவிட உண்மைத் திசையைக் காட்டும் தளமே உதவும். கரியமில வாயு அளவைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பாதி இருக்கையும் பாதி சரக்கும் ஏற்றிச் செல்லும் வடக்கு விமானங்களுக்கு, முழுக்கப் பயணிகள் நிறைந்த ஜெட்டின் சராசரியை வைத்துத் தலைக்கு இவ்வளவு என்று சொல்வதில் பொருள் இல்லை.

கிரேட் சர்க்கிள் மேப்பரிலும் குறைகள் உண்டு. அதன் தோற்றம் பழையது, முதன்முறை பார்ப்பவருக்கு எங்கே எதைத் தட்டுவது என்று புரியச் சற்று நேரமாகும். தொலைவை இயல்பாக மைலில்தான் காட்டும். கிலோமீட்டரோ கடல் மைலோ வேண்டுமென்றால் நாமே மாற்றிக்கொள்ள வேண்டும். விமானம் எந்த நாளில் போகிறது, போகிறதா இல்லையா என்பது அதற்கும் தெரியாது. ஆனால் தெரியாததைத் தெரிந்ததாக அது காட்டிக்கொள்வதில்லை. வேகத்தை நாமே கொடுத்தால்தான் நேரத்தைச் சொல்லும். வடக்குப் பயணத்துக்கு இந்த ஒழுக்கம் மிகவும் முக்கியம் என்று நினைக்கிறேன். அதனிடம் இன்னொரு நல்ல வசதியும் இருக்கிறது. ஒரு நிலையத்தை நடுவில் வைத்து இத்தனை கிலோமீட்டர் ஆரத்துக்கு வட்டம் வரையச் சொல்லலாம். ரெசலூட்டைச் சுற்றி 500 கிலோமீட்டர் வட்டம் போட்டுப் பார்த்தால், ட்வின் ஆட்டர் விமானத்தால் இரண்டு மணி நேரத்துக்குள் எட்டக்கூடிய ஊர்கள் எவை, அவை எவ்வளவு சொற்பம் என்பது கண்முன்னே விரியும்.

பயன்படுத்த விரும்புகிறவர்களுக்கு நான் பரிந்துரைக்கும் முறை இது. முதலில் விமான நிறுவனத்தின் அட்டவணையில் வழியையும் நடுவில் நிற்கும் ஊர்களையும் விமான வகையையும் பார்த்துக்கொள்ளுங்கள். பிறகு அந்த ஊர்கள் அனைத்தின் குறியீடுகளையும் வரிசையாகத் தளத்தில் உள்ளிட்டு, ஒவ்வொரு துண்டுக்கும் தனித்தனியாகத் தொலைவை எடுங்கள். ஜெட் என்றால் மணிக்கு 800 கிலோமீட்டர், ஏடிஆர் என்றால் 500, ட்வின் ஆட்டர் என்றால் 280 என்று வேகத்தைக் கொடுங்கள். ஒவ்வொரு முறை ஏறி இறங்குவதற்கும் கால் மணி நேரமாவது கூட்டுங்கள், குளிர்காலமாக இருந்தால் இறக்கைகளில் படிந்த பனியைத் திரவம் தெளித்து நீக்கும் நேரத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இப்படி வந்த எண் அட்டவணையில் உள்ள எண்ணோடு ஏறக்குறைய ஒத்துப்போனால் உங்கள் கணக்கு சரி. பெரிதாக வேறுபட்டால், நீங்கள் கவனிக்காத நிறுத்தம் ஒன்று வழியில் இருக்கிறது அல்லது நேர மண்டலத்தைக் கழிக்க மறந்திருக்கிறீர்கள் என்று பொருள். டிக்கெட் எடுப்பதற்கு முன் அதைக் கண்டுபிடித்துவிடுங்கள். கிரைஸ் ஃபியோர்ட் போன்ற இறுதி நிலையங்களுக்குச் செல்பவர்கள், ரெசலூட்டில் அறை கிடைக்குமா என்பதையும் அடுத்த விமானம் எந்த நாளில் என்பதையும் அதே அமர்விலேயே விசாரித்துக்கொள்வது நல்லது.